வெளிநடப்புச் செம்மல்

"சக்கரபாணி ஒரு தடவ வெளிய நடந்தான்னா, திரும்பி அதே கூட்டத்துல உள்ள வந்து உக்காந்ததா சரித்திரம் கிடையாது. இனிமேலும் கிடையாது. அப்படி உக்காந்தேன்னு எவனாச்சும் காட்டினா, அன்னையிலேர்ந்து என்ன வேற பேர் வெச்சிக் கூப்பிடுங்க."

2001ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலின்போது, புங்கந்தாங்கல் பேரூராட்சி ஒன்பதாவது வார்டில், மாரியம்மன் கோயில் தெரு முனையில் நின்ற ஒரு டெம்போவின் மேலிருந்து இந்தச் சபதம் எடுக்கப்பட்டது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வேற பேருதான் ஊர்ல ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருக்குதே" என்றது. சிரிப்பு எழுந்தது. சக்கரபாணியும் சிரித்தார். ஓட்டுப் போடுகிறவன் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும் என்பது அவர் அறிந்த அரசியல் தத்துவங்களில் முதலாவது.

புங்கந்தாங்கல், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் உள்ள ஊர். பஸ் அங்கே நிற்கும். ஆனால் நிற்கும் என்று ஏறும்போது எந்தக் கண்டக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இப்படிப்பட்ட ஊரில்தான் பொதுவாழ்வின் தூய்மைக்கு ஓர் இலக்கணம் தோன்றியது. அந்த இலக்கணத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவாவது எழுதி வைப்பது நம் கடமை.

சக்கரபாணி பிறந்தது ஒலக்கூர்ப் பக்கம். அப்பாவுக்கு முக்கால் காணி மல்லாட்டைக் கொல்லை; அந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். பத்தாவதில் கணக்கும் அவரும் ஒருவரை ஒருவர் கைவிட்டதும், திண்டிவனத்தில் ஒரு சிமெண்ட் உறை போடும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை கற்றார், பவுனைக் கல்யாணம் செய்துகொண்டார், மைத்துனர்கள் கொடுத்த மனையில் சொந்தப் பட்டறை போட்டார். 'பவுனு சிமெண்ட் ஒர்க்ஸ். கிணற்று உறை, கக்கூஸ் உறை, சிலாப், துளசி மாடம்' என்றது பலகை. நான்கும் ஒரே கலவைதான். எது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அதனதன் தலையெழுத்து பார்த்துக்கொண்டது.

1996இல் பல வருடங்களுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சக்கரபாணி ஏணிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று பதினொரு ஓட்டில் ஜெயித்தார். புதிதாக ஜெயித்தவர்களுக்கெல்லாம் விழுப்புரத்தில் ஒருநாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஓர் உறுப்பினர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஓர் அதிகாரி வரிசையாகப் படித்தார். மத்தியானச் சாப்பாட்டில் வடையும் பாயசமும் போட்டிருந்தார்கள். பாயசத்துக்குப் பிறகு நன்னடத்தையைக் காதில் வாங்குவது எந்த மனிதனுக்கும் சிரமம். சக்கரபாணியின் மோவாய் நெஞ்சில் இறங்கியது.

பக்கத்து நாற்காலி இழுபட்ட சத்தத்தில் அவர் விழித்தபோது அதிகாரி இந்த வரியில் இருந்தார்: "தனக்குச் சம்பந்தமுள்ள பொருள் மன்றத்தில் விவாதத்துக்கு வந்தால், அந்த உறுப்பினர் எழுந்து வெளியே சென்றுவிட வேண்டும்."

சக்கரபாணி இதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மறுபடியும் கண்ணயர்ந்தார். விதிகள் இருபதுக்கு மேல் இருந்ததாகக் கேள்வி. அவருக்குக் கிடைத்தது ஒன்று. ஆனால் அந்த ஒன்றை அவர் காப்பாற்றிய மாதிரி மற்றவற்றை யாரும் காப்பாற்றியதில்லை.

அடுத்த வருடம், தெருச் சாக்கடைகளுக்கு மேல் சிலாப் போட்டு மூடும் திட்டம் பேரூராட்சி மன்றத்துக்கு வந்தது. வேலை எடுத்த காண்டிராக்டர் பேரூராட்சித் தலைவரின் சம்பந்தி. அவருக்குச் சிலாப் போட்டுத் தரப் போவது பவுனு சிமெண்ட் ஒர்க்ஸ். கவுன்சிலர் காண்டிராக்ட் எடுக்கக் கூடாது என்பது சட்டம். கவுன்சிலரின் பெண்டாட்டி சிலாப் வார்க்கக் கூடாது என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தேடிப் போகவில்லை.

புங்கந்தாங்கல் மன்றத்தில் விவாதம் என்பது ஒரு குமாஸ்தா பொருள் எண்ணைப் படிப்பதும், பதினைந்து பேரில் யாராவது ஒருவர் "ஆல் பாஸ்" என்பதும்தான். ஏழாவது பொருள் ஆல் பாஸ் ஆனதும், அடுத்தது சிலாப் என்பதால் சக்கரபாணி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அது வேண்டுமென்று நடந்ததல்ல, அதற்கு ஒரு கால் குட்டை. வேகமாக வெளியே வந்தார். எதிர்க் கடையில் போண்டா போடும் நேரம் அது.

தாழ்வாரத்தில் கண்ணையன் உட்கார்ந்திருந்தார். முழு நேரம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மிச்ச நேரத்தில் ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர்.

"இன்னாண்ணே, கூட்டம் நடக்க சொல்ல வெளிய வந்துட்ட?"

"உள்ள சாக்கடை விஷயம் போய்க்கினு இருக்குது. அந்த எடத்துல நான் உக்காரக் கூடாது."

"உக்காரக் கூடாதா, உக்கார முடியாதா?"

"ரெண்டும்தான். வுடுப்பா. போண்டா ஆறிடப் போவுது."

கண்ணையன் போண்டாவைக் குறித்துக்கொள்ளவில்லை. மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'சாக்கடைத் திட்டத்தில் முறைகேடு? கவுன்சிலர் சக்கரபாணி ஆவேச வெளிநடப்பு.'

தமிழ்நாட்டில் சபையை விட்டு ஒருவர் எழுந்து வெளியே போனால் அது வெளிநடப்பு. வெளிநடப்பு என்றால் கண்டனம். தனக்குப் பங்கு உண்டு என்பதால் ஒதுங்கி வெளியே போகிறவனுக்குத் தனியாக ஒரு சொல்லை நம் மொழி செய்து வைக்கவில்லை. தேவைப்பட்டிருக்காது.

சக்கரபாணி அன்று காலை செய்தியைத் திருத்தும் எண்ணத்தோடுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார். இதை நாம் நம்ப வேண்டும். வழியில் சவரக் கடையில் நாலு பேர் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அதில் ஒருவர் முகத்தில் பாதி சோப்பு. எழுந்து நிற்கிற நாலு பேரைப் பார்த்து, 'உட்காருங்க, அது தப்பான செய்தி' என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு தொண்டைவளம் வேண்டும். சக்கரபாணிக்கு அன்று ஜலதோஷம். கும்பிடு மட்டும் போட்டார்.

அதன்பின் அவர் அந்தக் கலையை வளர்த்தார். துண்டை உதறுவதற்கு முன் ஒரு பெருமூச்சு. வாசற்படியில் ஒரு கணம் நின்று உள்ளே ஒரு பார்வை. குட்டைக்கால் நாற்காலியைத் தலைவர் மாற்றச் சொன்னபோது, "அது இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். சிலாப் உள்ள பொருள் வரும்வரை காத்திருந்தால் போண்டா தீர்ந்துவிடுகிறது என்பதால், இரண்டு மூன்று பொருள் முன்னதாகவே எழுந்து போகும் வழக்கமும் ஏற்பட்டது. தலைவரும் இதற்குப் பெரிதும் ஒத்துழைத்தார். "சக்கரபாணி, ஒன்பதுல சிலாப்பு வருது, கெளம்பு" என்று அவரே நினைவூட்டுவார். சக்கரபாணி வெளியே போவார். பொருள் பாஸ் ஆகும். வெளியே கண்டனம், உள்ளே தீர்மானம். மக்களாட்சியின் இரண்டு கைகளும் இப்படி ஓசைப்படாமல் சேர்ந்து வேலை செய்ததை வேறெங்கும் காண்பது அரிது.

"நீ வெளிய போனாத்தான் உள்ள நம்ம சரக்கு எறங்குது" என்றாள் பவுனு.

"நான் சட்டப்படி போறேன்."

"சட்டப்படிதான் போற. மாலை எதுக்குப் போட்டுக்கினு வர்ற?"

மாலைகள் உண்மையிலேயே வந்தன. 'வெளிநடப்புச் செம்மல்' என்று சுவரில் எழுதினார்கள். 2001இல் முந்நூறு ஓட்டில் ஜெயித்தார். 2006இல் எதிர்த்து நின்றவர் பாதியில் வாபஸ் வாங்கி, அவருக்கே ஓட்டுக் கேட்டுப் போனார். 2011இலும் அவர்தான். ஆட்சிகள் மாறின, தலைவர் மாறவில்லை, காண்டிராக்டர் மாறவில்லை. தெருத்தெருவாகச் சாக்கடைகள் மூடப்பட்டன. மூடப்பட்டவற்றில் எல்லாம் பவுனு சிமெண்ட் ஒர்க்ஸின் சிலாப். மூடியதை எதிர்த்த ஒரே மாவீரர், அதே பட்டறையின் வாசலில் கட்டிலில் படுத்துத் தினத்தாள் படித்தார்.

2008இல், மாரியம்மன் கோயில் தெருவுக்கான சிலாப்புகள் வார்க்கும்போது கம்பி விலை ஏறியது. அச்சுக்கு மூன்று கம்பி வைப்பது வழக்கம். சக்கரபாணி இரண்டு போதும் என்றார்.

"ஆள் நடக்கற சிலாப்புய்யா இது" என்றாள் பவுனு.

"ஆளுதானே நடக்கப் போவுது. ஆனையா நடக்கப் போவுது?"

அந்தத் தெருவில் ஆனை எதுவும் நடக்கவில்லை. 2013 பங்குனியில் ஒரு காலை நேரம் கெங்கம்மாள் நடந்தாள். ஐம்பத்தெட்டு வயது, ஒட்டிய தேகம், இடுப்பில் கேப்பைக் கூழ்ப் பானை. சாக்கடை ஓரம் பதினேழு வருடமாகக் கூழ் விற்கிறவள்; சிலாப் வந்தபின் அதன் மேல் பலகை போட்டுக்கொண்டாள். சிலாப் நடுவில் பிளந்தது. பானையும் அவளும் உள்ளே போனார்கள். வலதுகால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்தது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் செய்து காலில் ஒரு கம்பி வைத்தார்கள். சிலாப்பில் குறைந்த கம்பி இப்படியாக ஐந்து வருடம் கழித்து உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு திரும்பி வந்த கெங்கம்மாள், உடையாத சிலாப்பாகப் பார்த்துப் பலகையை நகர்த்திப் போட்டுக் கூழ்க் கடையைத் திறந்தாள். தெருவில் உள்ள சிலாப் முழுவதையும் மாற்ற வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதன் மேல் ஓடுகிறார்கள் என்று ஒரு மனு எழுதவைத்துப் பேரூராட்சியில் கொடுத்தாள். கொடுத்த கையோடு, சாக்கடை ஊழலை எதிர்த்து நிற்கும் ஒரே மனிதரின் வீட்டுக்கு வந்தாள்.

"கவுன்சிலரே, எனுக்கு ஆருமில்ல. ஒன்ன நம்பித்தான் வந்துகிறேன்."

பவுனு அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "கால நீட்டிக்கோக்கா."

"பதினாறு வருசமா ஊருக்காவ வெளிநடப்பு பண்ணிக்கினு கீற. எனுக்காவ ஒரே ஒரு தடவ பண்ணு. அது போதும்."

சக்கரபாணி பவுனைப் பார்க்காமல் இருக்க முயன்றார். "பண்றேன் கெங்கம்மா" என்றார். அவர் கொடுத்த வாக்குறுதிகளிலேயே நிறைவேற்ற எளிதானது அதுதான். சிலாப் பொருள் வந்தால் எப்படியும் வெளியே போகத்தானே வேண்டும்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு மன்றப் பொருள்பட்டியல் வீட்டுக்கு வந்தது. பவுனுதான் வாய்விட்டுப் படித்தாள். பொருள் எண் பதினாலு: 'மாரியம்மன் கோயில் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் சிலாப் மீது அனுமதியின்றிக் கடை வைத்து, அளவுக்கு மீறிய பாரம் ஏற்றி, பேரூராட்சிக்குச் சொந்தமான சிலாப்பைச் சேதப்படுத்திய கெங்கம்மாள் என்பவரின் கடையை அகற்றுவது குறித்து.'

பவுனு தாளை மடித்தாள். "அளவுக்கு மீறிய பாரம். அந்தப் பொம்பள ஒடம்புல நாப்பது கிலோ இருக்குமா?"

"தலைவர் எழுதச் சொல்லியிருப்பாரு. சிலாப்பு மட்டம்னு வந்தா அவரு சம்பந்திக்கு பேஜாரு."

"கம்பியக் கொறச்சது நீ. கால ஒடச்சிக்கினது அவ. இப்ப கடையும் அவளுதா போவணும்?"

"நான் இன்னா பண்றது? அந்தப் பொருள்ல நான் உள்ள உக்காரக் கூடாது. சம்பந்தப்பட்டவன் வெளிய போவணும்னு விழுப்புரத்துல வெச்சி சொல்லிக் குடுத்தாங்க."

"சம்பந்தப்பட்டவன் வெளிய. சம்பந்தி உள்ள" என்றாள் பவுனு. "நல்லாக் குடுத்தாங்க பாடம்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் குழம்புக்கு உப்புப் போட அவள் மறந்திருந்தாள். சக்கரபாணி அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஒரு பொறுப்புள்ள மக்கள் பிரதிநிதி எந்தப் பிரச்சினையை எழுப்ப வேண்டும், எதை எழுப்பக் கூடாது என்று அறிந்திருப்பார்.

கூட்டத்தன்று கெங்கம்மாள் கடையை மூடிவிட்டு, ஒரு தூக்குவாளியோடு பேரூராட்சித் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தாள். பொருள்பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தன் மனு வருகிறது, தனக்காக ஒருவர் வெளிநடப்புச் செய்யப் போகிறார் என்று மட்டும் தெரியும். பக்கத்தில் கண்ணையன், கேமரா உள்ள செல்போனோடு.

உள்ளே குமாஸ்தா பத்து வரை படித்து முடித்தார். தலைவர் சக்கரபாணி பக்கம் திரும்பி, "பதினாலு வருதுப்பா" என்றார், அன்போடு. சக்கரபாணி எழுந்தார். பெருமூச்சு வந்தது. துண்டு உதறப்பட்டது. நாற்காலி தன் கடமையைச் செய்தது. வாசற்படியில் வழக்கமான பார்வைக்காக நின்றவர், ஏனோ திரும்பிப் பார்க்காமலே வெளியே வந்தார்.

"அண்ணே, அப்படியே நில்லு. ஒரு போட்டோ" என்றார் கண்ணையன். "இந்தத் தடவ எதை எதுத்து?"

"இரு கண்ணையா."

கெங்கம்மாள் தடியை ஊன்றி எழுந்துவிட்டிருந்தாள். தூக்குவாளி மூடியில் கூழ் ஊற்றி, அவரிடம் நீட்டினாள். "குடி கவுன்சிலரே. வெயில்ல வந்துகிற."

நீட்டிய கையை மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டார்.

"நீ வெளிய வந்துட்ட இல்ல" என்றாள் கெங்கம்மாள். "இனிமேட்டு உள்ள இருக்கறவனுங்க என்ன ஒண்ணும் பண்ண முடியாது. இல்லப்பா?" கடைசிக் கேள்வி கண்ணையனுக்கு.

"எப்படிம்மா பண்ணுவாங்க? அண்ணனே வெளிய வந்துட்டாரே" என்றார் கண்ணையன், போட்டோவின் வெளிச்சத்தைச் சரிபார்த்தபடி.

ஜன்னல் வழியாகக் குமாஸ்தாவின் குரல் கேட்டது. "பொருள் எண் பன்னெண்டு. தெருவிளக்குப் பராமரிப்பு." யாரோ, "ஆல் பாஸ்."

எதிர்க் கடையில் போண்டாவை எண்ணெயிலிருந்து வடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரபாணி அந்தப் பக்கம் நாலடி நடந்தார். நின்றார். பதினாறு வருடமாக இந்த இடத்தில் நின்று உள்ளே நடப்பதை அவர் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை. கேட்க எதுவும் இருந்ததில்லை. எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். இன்றைக்கும் தெரியும். தெரியாதது, தடியை ஊன்றிக்கொண்டு முகமெல்லாம் நிம்மதியாக நின்ற அந்தப் பெண்பிள்ளைக்கு மட்டும்தான்.

"பொருள் எண் பதிமூணு. குடிநீர்க் குழாய் அடைப்பு." "ஆல் பாஸ்."

சக்கரபாணி கூழைக் குடித்து முடித்தார். மூடியைக் கெங்கம்மாளிடம் கொடுத்தார். பிறகு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே போனார்.

இதில் ஆவேசம் எதுவும் இல்லை. துண்டு உதறப்படவில்லை. கண்ணையன் செல்போனைப் பாதி தூக்கிவிட்டுக் கீழே இறக்கினார். வெளியே வருவதைத்தான் எடுக்கத் தெரியும்; உள்ளே போவதற்கு என்ன தலைப்புப் போடுவது என்று அவருக்கு விளங்கவில்லை.

மன்றத்தில் குமாஸ்தா, "பொருள் எண் பதினாலு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். விழுந்து கிடந்த நாற்காலியைச் சக்கரபாணி நிமிர்த்துவது பதினாலு உறுப்பினர்களுக்கும் தெரிந்தது.

"இன்னா சக்கரபாணி, எதுனா மறந்து வெச்சிட்டுப் போயிட்டியா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. உக்காரலாம்னு வந்தேன்."

"பதினாலுப்பா இது. ஒனக்கு சம்பந்தப்பட்டது."

"அதாங்க. அதனாலதான்." நாற்காலி ஆடாமல் இருக்க ஒரு காலை அழுத்தி ஊன்றி உட்கார்ந்தார். "அந்தம்மா பாரம் ஏத்தல. சிலாப்பு நம்முது. நாந்தான் போட்டது. கடைய எடுக்க வேணாம்."

காண்டிராக்டரின் ஆள் ஒருவர் பின்னால் இருமினார். தலைவர் மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெகுநேரம் தாளையே பார்த்தார். யாரும் ஆல் பாஸ் என்று சொல்லவில்லை. ஓர் உறுப்பினரின் வாய் பழக்கத்தில் திறந்து, பிறகு மூடிக்கொண்டது.

"தள்ளி வை" என்றார் தலைவர் கடைசியில், குமாஸ்தாவிடம்.

"உறுப்பினர் சொன்னத எழுதணுங்களா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"எழுது" என்றார் சக்கரபாணி.

"சிலாப்புல கம்பி எத்தினின்னு போடட்டும்?"

சக்கரபாணி குனிந்து தன் கைவிரல்களைப் பார்த்தார்.

"ரெண்டு" என்றார்.

"கேக்கலீங்க."

"ரெண்டு. மூணு இருக்கணும்."